ஆரல்வாய்மொழிக்கு மேற்கே தூக்கில்லை

கழக்கூட்டம் என்றதும் இன்று டெக்னோபார்க்கும் அதையொட்டி வளர்ந்த அடுக்குமாடிகளும்தான் கண்முன் வரும். திருவிதாங்கூரின் தண்டனை வரலாற்றில் அந்த ஊர்ப் பெயர் 18ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிடுகிறது. எட்டு வீட்டுப் பிள்ளைமார் எனப்பட்ட நாயர் பிரபுக்களில் ஒருவர் கழக்கூட்டத்துப் பிள்ளை. 1729இல் பட்டத்துக்கு வந்த மார்த்தாண்ட வர்மர், தம் அதிகாரத்தை எதிர்த்த அந்தக் குடும்பங்களை வேரோடு அழித்தார். ஆண்களைத் தூக்கிலிட்டார், பெண்களையும் குழந்தைகளையும் கடற்கரை மீனவர்களிடம் ஒப்படைத்தார், வீடுகளை இடித்த இடத்தில் குளம் தோண்டினார் என்று திருவிதாங்கூர் வரலாற்று நூல்களே பதிவு செய்கின்றன. அவர்கள் சதி செய்தார்கள் என்று அந்த நூல்கள் சொல்லும். ஆனால் குற்றம் சாட்டப்பட்டவர் தம் தரப்பைச் சொல்ல ஓர் இடம், அதைக் கேட்டு எடைபோட மூன்றாவது ஆள் ஒருவர், ஏன் இந்தத் தண்டனை என்று எழுதிவைத்த ஒரு தீர்ப்பு, இவை எதுவும் அந்தக் கதையில் இல்லை. அரசர் தீர்மானித்தார்; அது நடந்தது. ஓர் உயிரை எடுக்கும் அரசு யாருக்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டது என்ற கேள்வியை அந்தக் காலம் கேட்கவில்லை. திருவிதாங்கூர் 1944இல் தூக்குத் தண்டனையையே ஒழித்ததும், ஏழே ஆண்டுகளில் அந்த ஒழிப்பு சத்தமில்லாமல் மறைந்ததும் அந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால்தான் விளங்கும். இந்தப் பகுதி அதைப் பற்றியது.

இடைப்பட்ட இருநூறு ஆண்டுகளை விரைவாகக் கடந்துவிடலாம். 1811 முதல் 1814 வரை ரெசிடெண்ட் பதவியோடு திவான் பதவியையும் வகித்த கர்னல் ஜான் மன்றோ, வரி வசூலிக்கும் கையிலிருந்து தண்டிக்கும் அதிகாரத்தைப் பிரித்து நீதிமன்றங்களை அமைத்தார். கொதிக்கும் நெய்யில் கைவிட்டு உண்மையைச் சோதிக்கும் சுசீந்திரம் கைமுக்கு, சென்ற பகுதியில் பார்த்ததுபோல, சுவாதித் திருநாள் ஆட்சியில் முடிவுக்கு வந்தது. பிரிட்டிஷ் இந்தியாவின் தண்டனைச் சட்டத்தைப் பெரிதும் தழுவிய ஒரு சட்டத் தொகுப்பு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்து சேர்ந்தது. இவ்வளவு வந்தும், பிராமணருக்குக் கொலைத் தண்டனை கிடையாது என்ற பழைய விலக்கு அந்த நூற்றாண்டில் நெடுநாள் நீடித்தது. ஒரே குற்றத்துக்கு ஒருவன் கழுத்தில் கயிறும் இன்னொருவனுக்குச் சிறையும் என்பதை ஒரு நாடு அத்தனை காலம் இயல்பாக ஏற்றுக்கொண்டிருந்தது. அதே சமயம், தூக்கின் பாவம் அரசரைச் சேரும் என்ற அச்சமும் இருந்தது. அடூர் கோபாலகிருஷ்ணனின் ‘நிழல்குத்து’ (2002) படத்தைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: அரசரின் கருணை ஆணை தூக்கு முடிந்த பிறகு வந்து சேரும்படி அனுப்பப்படுகிறது. பழி அரண்மனையில் தங்கக்கூடாது. அதைத் தூக்கிலிடும் ஆராச்சார் காளியப்பன் சுமந்து குடித்துச் சாகவேண்டும். அந்தப் படம் காட்டும் மனநிலையில் தூக்கு ஒரு பாவம், மன்னிப்பு ஒரு புண்ணியம். இரண்டும் அரசரின் சொந்தக் கணக்கில் எழுதப்படுபவை. சிறையில் காத்திருப்பவனுக்கு அந்தக் கணக்கில் உரிமை என்று ஒன்றும் இல்லை.

1938 செப்டம்பரில் கழக்கூட்டத்துக்கு வடகிழக்கே கல்லறை, பாங்கோடு பகுதி மக்கள் சந்தை வரி வசூலின் கொடுமையை எதிர்த்து எழுந்தார்கள். காவல்துறையுடன் மோதல், துப்பாக்கிச் சூடு, வழக்கு என்று அது வளர்ந்தது. அந்த வழக்கில் பட்டாளம் கிருஷ்ணனும் கொச்சப்பிப் பிள்ளையும் 1940இல் திருவனந்தபுரம் மத்தியச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். பின்னாளில் இந்திய அரசு அந்தப் போராட்டத்தை விடுதலைப் போராட்டத்தின் பகுதியாக ஏற்றுக்கொண்டது. தூக்கிலிடப்பட்டவர்களுக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அரசியல் வழக்கில் தரப்படும் மரண தண்டனையின் மாறாத குறை இது. குற்றம் எது என்பதில் அரசே தன் கருத்தை மாற்றிக்கொள்ளும். தண்டனையை மாற்ற வழியிராது. வடக்கே, பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த கையூரின் விவசாயிகள் நால்வர் 1943 மார்ச் 29 அன்று கண்ணூர் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். அதே வழக்கில் தண்டனை பெற்ற ஐந்தாமவர் வயது நிரம்பாதவர் என்பதால் உயிர் தப்பினார். இந்தச் சூழலில்தான், அடுத்த ஆண்டே, சித்திரைத் திருநாள் மகாராஜாவின் பெயரால், சர் சி.பி. ராமசாமி ஐயர் திவானாக இருக்கும்போது, திருவிதாங்கூர் மரண தண்டனையை ஒழித்தது.

அதன் பொருள் என்ன என்று தமிழ் வாசகர் வரைபடத்தில் விரல் வைத்துப் பார்க்கவேண்டும். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூர், செங்கோட்டையும் திருவிதாங்கூர். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிக் கிழக்கே இறங்கினால் சென்னை மாகாணத்தின் திருநெல்வேலி மாவட்டம். கணவாய்க்கு மேற்கே தோவாளையில் ஒருவன் கொலை செய்தால் அவனுக்கு ஆயுள் சிறை. கிழக்கே பணகுடியில் செய்தால் செஷன்ஸ் நீதிபதி தூக்கு விதிக்கலாம், சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்யலாம். செங்கோட்டைக்கும் தென்காசிக்கும் இடையே நடந்தே போய்விடலாம்; ஆனால் அந்தக் குறுகிய தூரத்துக்குள் உயிரைப் பற்றிய சட்டம் மாறியது. இருபுறமும் ஒரே மொழி, ஒரே சாதிகள், ஒரே வயல் வரப்புச் சண்டைகள், பெரும்பாலும் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்த குடும்பங்கள். தண்டனையின் கடுமை கொலையைக் குறைக்கிறதா என்று ஆராய விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல நிலம் அமையாது. ஆனாலும் தென் திருவிதாங்கூரின் தமிழர் வரலாற்றை எழுதும்போது 1948 முதல் 1956 வரையிலான எல்லைப் போராட்டத்தை விரிவாக எழுதும் நாம், இந்த ஏழு ஆண்டுகளை ஒரு வரியில்கூடக் குறிப்பதில்லை. அந்தப் புறக்கணிப்பு எனக்கு வருத்தம் தருகிறது.

முதல் மறுப்பு இங்கேயே எழும். தூக்கை ஒழித்த அதே திவானின் ஆட்சிதானே 1946 அக்டோபர் 24 அன்று புன்னப்புரையிலும் 27 அன்று வயலாரிலும் தொழிலாளர்களைச் சுட்டுத் தள்ளியது? இராணுவச் சட்டம் போடப்பட்டு, கயிற்றுத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் மீனவர்களும் கூட்டமாக மாண்டார்களே, அந்த அரசின் கருணைக்கு என்ன மதிப்பு? இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்கக்கூடாது. ஒழிப்பை சி.பி.யின் மனிதநேயத்துக்குச் சான்றாகக் காட்டும் வாழ்க்கை வரலாறுகளை நான் ஏற்பதற்கில்லை. ஆனால் மறுப்பு நிறுவுவது வேறொன்றை. நீதிமன்றம் வழியாகக் கொல்வதை ஒரு பிரகடனம் தடுத்துவிடலாம். நீதிமன்றத்துக்கு வெளியே கொல்வதைத் தடுக்க மக்களுக்குப் பொறுப்பான அரசு வேண்டும், சுடும் உத்தரவுக்குக் கணக்குக் கேட்கும் முறை வேண்டும். 1946இன் திருவிதாங்கூரில் அவை இல்லை. சட்டசபை ஒன்று இருந்தது. அதற்குத் தலைமை தாங்கியவரும் திவானே. பொறுப்பாட்சி 1948இல்தான் வந்தது. அது வந்த பிறகும், 1954 ஆகஸ்ட் 11 அன்று, பட்டம் தாணுப் பிள்ளையின் அமைச்சரவைக் காலத்தில், மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆகவே மரண தண்டனை ஒழிப்பு ஒரு நாட்டை அகிம்சை நாடாக்கிவிடும் என்று யாரும் வாதாட வேண்டாம். விசாரணை நடத்தி, சாட்சி கேட்டு, ஆற அமர யோசித்து உயிரெடுக்கும் ஒரு வழியை அது அடைக்கிறது. அவ்வளவுதான் அது செய்வது; அதுவே பெரிய காரியம்.

அந்த வழி மறுபடி எப்படித் திறந்தது? 1949 ஜூலை 1 அன்று திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. அரசமைப்புச் சட்டம் வந்தபோது அந்த மாநிலம் ‘பி’ பகுதி மாநிலங்களில் ஒன்றானது. அத்தகைய மாநிலங்களுக்கு மத்தியச் சட்டங்களை நீட்டுவதற்காக நாடாளுமன்றம் 1951இல் ஒரு சட்டம் இயற்றியது. நீட்டப்பட்டவற்றின் நீண்ட அட்டவணையில் இந்தியத் தண்டனைச் சட்டமும் இருந்தது. 1951 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டமும் உடன் வந்தது. அந்த அட்டவணையோடு தூக்கும் திரும்பிவிட்டது. ஒப்பந்தம், சாட்சியம் என்று எத்தனையோ சட்டங்கள் ஊர்வலம் போன வழியில் அதுவும் போய்ச் சேர்ந்தது. தூக்கை மீண்டும் கொண்டுவர வேண்டுமா என்ற தனிக் கேள்வியாக அது மக்கள் முன் வைக்கப்படவில்லை. அரசர் கொடுத்ததை ஓர் இணைப்புச் சட்டம் எடுத்துக்கொண்டது. கொடுத்தபோது மக்களிடம் கேட்காதது போலவே எடுத்தபோதும் கேட்கவில்லை.

இதைவிட முக்கியமான ஒரு செய்தி அந்த நடைமுறைச் சட்டத்துக்குள் இருந்தது. சட்டம் படித்தவர்கள்கூட அதை இந்தக் கதையோடு சேர்த்துப் பார்ப்பது குறைவு. 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 367ஆம் பிரிவு, 5ஆம் உட்பிரிவு இப்படிச் சொன்னது: தூக்கு விதிக்கத்தக்க குற்றத்தில் ஒருவரைக் குற்றவாளி என்று கண்ட நீதிபதி தூக்குக்குப் பதில் வேறு தண்டனை கொடுத்தால், ஏன் தூக்கு கொடுக்கவில்லை என்று காரணம் எழுதவேண்டும். தூக்குக் கொடுத்தால் தனிக் காரணம் வேண்டாம். அதாவது கொலைக்குத் தூக்கே விதி, உயிரை விட்டுவைப்பதே விலக்கு. திருவிதாங்கூர் மக்கள் 1951 ஏப்ரல் 1 அன்று ஏழு ஆண்டுப் பழக்கத்திலிருந்து நேராக இந்த விதிக்குள் விழுந்தார்கள். 1955ஆம் ஆண்டின் 26ஆம் சட்டம் அந்த உட்பிரிவை நீக்கியது. 1956 தொடக்கம் முதல் நீதிபதிக்கு இரண்டில் எதையும் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் கிடைத்தது. 1973ஆம் ஆண்டுச் சட்டம் தராசை முழுவதும் மறுபக்கம் சாய்த்தது. 354ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவின்படி, தூக்குக் கொடுப்பதானால்தான் சிறப்புக் காரணங்கள் எழுதவேண்டும். 235ஆம் பிரிவின்படி, குற்றவாளி என்று தீர்த்த பின் தண்டனை பற்றித் தனியாக அவரைக் கேட்கவேண்டும். கொலைக் குற்றத்தின் வரையறை இந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் மாறவில்லை. 302ஆம் பிரிவு அப்படியே நின்றது. மாறியது ஒன்றே ஒன்று: காரணம் சொல்லவேண்டிய சுமை யார் தோளில் என்பது. இந்தியாவில் தூக்கு அரிதானதற்கு நம் நீதிபதிகளின் இரக்கத்தைவிட இந்தச் சுமை மாற்றமே பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இரண்டாவது மறுப்பு ஒருமைப்பாடு பற்றியது. குடியரசு ஒன்று, ஆரல்வாய்மொழிக்கு மேற்கே ஒரு நீதி, கிழக்கே ஒரு நீதி என்று விட்டுவைக்க முடியுமா? சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று எழுதிய கையோடு, ஊரைப் பொறுத்து உயிர் என்று அனுமதிக்கலாமா? கேட்பதற்கு வலுவான வாதம். ஆனால் கூட்டாட்சி நாடுகளின் அனுபவம் வேறு. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலம் 1846இலேயே கொலைக்குத் தூக்கை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. பக்கத்து மாநிலங்கள் தொடர்ந்தும் கொன்றன, ஐக்கிய நாடு உடையவில்லை. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து 1922இல் ஒழித்தது. விக்டோரியா 1967 வரை தூக்கிலிட்டது. குயின்ஸ்லாந்தின் நாற்பத்தைந்து ஆண்டு அனுபவம் மற்ற மாநிலங்களுக்குக் கண்முன் இருந்த சான்று. கடைசியில் நாடு முழுவதும் குயின்ஸ்லாந்தின் பக்கம்தான் வந்தது. நம் அரசமைப்பிலும் குற்றவியல் சட்டம் பொதுப் பட்டியலில்தான் இருக்கிறது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு ஒரு மாநிலம் தனக்கென்று திருத்தம் செய்துகொள்ளலாம். இன்னொன்றும் கேட்கவேண்டும். சமம் ஆக்குவதுதான் நோக்கம் என்றால், ஏன் மென்மையான சட்டத்தைக் கடுமையானதற்குச் சமமாக்கினோம்? சமத்துவம் என்ற சொல் இரண்டு திசைக்கும் வழி காட்டும். 1931இல் கராச்சி காங்கிரஸ் அடிப்படை உரிமைகள் தீர்மானத்தில் மரண தண்டனை கூடாது என்று எழுதியது. 1949 ஜூன் 3 அன்று அரசியல் நிர்ணய சபையில், மரண தண்டனை மேல்முறையீடு பற்றிய விவாதத்தில், தண்டனையையே ஒழிப்பதைத்தான் தாம் விரும்புவதாக டாக்டர் அம்பேத்கர் சொன்னார். அப்படிச் சொன்ன தலைவர்களைக் கொண்ட நாட்டுக்குள் தூக்கில்லாத ஒரு நிலப்பகுதி வந்து சேர்ந்தபோது, அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளாமல் திருத்திவிட்டோம்.

மூன்றாவது மறுப்பு எண்கள் பற்றியது. இங்கே ஒழிப்பை விரும்புகிறவர்களும் கவனமாக நடக்கவேண்டும். மரண தண்டனை விவாதங்களில் திருவிதாங்கூரைக் குறித்து இரண்டு எண்கள் திரும்பத் திரும்ப வரும். தூக்கு இல்லாத 1945 முதல் 1950 வரையில் 962 கொலைகள். தூக்கு திரும்பிய 1950 முதல் 1955 வரையில் 967 கொலைகள். தூக்கு ஒரு கொலையையும் தடுக்கவில்லை, பாருங்கள் என்று இதைக் காட்டி முடித்துவிடுவார்கள். அவ்வளவு எளிதில் முடிக்கக்கூடாது. முதலாவது, கணக்கு 1950இல் வெட்டப்பட்டிருக்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டம் நீட்டப்பட்டதோ 1951 ஏப்ரலில். இரண்டாவது, முதல் காலப்பகுதியில் உலகப்போர் முடிந்த நாட்களின் உணவுப் பஞ்சமும் விடுதலைக் காலக் கொந்தளிப்பும் உண்டு. இரண்டாவதில் மக்கள்தொகை கூடியிருக்கிறது. மூன்றாவது, ஆறேழு ஆண்டு என்பது சிறிய அளவு. ஒரு சட்டம் மாறியதை மலையோரக் கிராமத்துக்காரன் அறிந்துகொள்ளவே காலம் பிடிக்கும். ஆகவே தூக்கை ஒழித்தால் கொலை குறையும் என்று இந்த எண்களை வைத்து யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன். ஆனால் எதிர்த்தரப்பு சொல்வது அதுவல்லவே. தூக்கை எடுத்துவிட்டால் கொலை பெருகும், கொலைகாரர்களுக்கு அச்சம் போய்விடும் என்பதே அவர்கள் வாதம். அந்த வாதம் உண்மையானால், எத்தனை குறைகள் உள்ள கணக்கிலும் ஓர் ஏற்றம் கண்ணில் பட்டிருக்கவேண்டும். படவில்லை. உயிரை எடுக்கும் அதிகாரம் வேண்டும் என்று கேட்பவர்தான் அதன் பயனை நிறுவவேண்டும்; 962ம் 967ம் அவருக்கு உதவவில்லை.

கடல் தாண்டிய இலங்கையின் கதை என் வாதத்துக்கு உண்மையான சோதனை. திருவிதாங்கூரின் ஒழிப்பு மன்னரின் கொடையாக வந்ததால் வேர் பிடிக்கவில்லை என்று சொல்கிறேன். இலங்கையிலோ அது மக்கள் தேர்ந்தெடுத்த அரசு செய்தது. 1956இல் ஆட்சிக்கு வந்த எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க தூக்கை நிறுத்தினார்; 1958ஆம் ஆண்டின் 20ஆம் சட்டம் அந்த நிறுத்தத்தை மூன்றாண்டுக்குச் சட்டமாக்கியது. நார்வல் மாரிஸ் என்ற குற்றவியல் அறிஞரின் தலைமையில் விசாரணைக் குழு ஒன்று அமைக்கப்பட்டு, புள்ளிவிவரங்களை எல்லாம் பார்த்தது. தூக்கு நின்றதால் கொலை கூடியது என்பதற்குச் சான்று இல்லை என்பதே அதன் முடிவு. 1959 செப்டம்பர் 25 அன்று பண்டாரநாயக்க தம் இல்லத்தில் ஒரு பிக்குவால் சுடப்பட்டு மறுநாள் இறந்தார். ஆண்டு முடிவதற்குள், அவருக்குப் பின் வந்த தஹநாயக்க அரசு தூக்கை மீட்டது. நடந்து முடிந்த அந்தக் கொலைக்கும் அது பொருந்தும்படி பின்னோக்கிய விளைவுடன் மீட்டது. விவாதமும் குழுவும் சட்டமும் இருந்தும் ஒரு துப்பாக்கிச் சூட்டில் எல்லாம் கவிழ்ந்துவிட்டதே, பிறகு மன்னர் கொடுத்தால் என்ன, மக்கள் மன்றம் கொடுத்தால் என்ன என்று கேட்கலாம்.

வேறுபாடு இருக்கிறது. இலங்கையில் தூக்கைத் திரும்பக் கொண்டுவர, தனிச் சட்டம் எழுதி, நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று பேசவேண்டியிருந்தது. அப்படி எழுதிய சட்டத்தின் ஒவ்வொரு சொல்லையும் நீதிமன்றம் எடைபோட்டது. கொலைக்குச் சதி செய்ததாகத் தண்டிக்கப்பட்ட இருவரின் தூக்கை மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆயுள் சிறையாக்கியது. பின்னோக்கிய விளைவு கொலைக்குத்தான் எழுதப்பட்டிருக்கிறது, சதிக்கு எழுதப்படவில்லை என்று கண்டது. சுட்ட பிக்கு சோமாராம மட்டும் 1962 ஜூலை 6 அன்று தூக்கிலிடப்பட்டார். நாடே கொதித்திருந்த ஒரு வழக்கில், நடைமுறையின் ஒரு வரி இரண்டு உயிர்களைக் காத்தது. அதோடு, ஒருமுறை நின்றுபார்த்த நாட்டுக்கு நிற்க முடியும் என்று தெரிந்திருந்தது. 1976க்குப் பின் இலங்கைச் சிறைகளில் தூக்கு நடக்கவில்லை. நீதிமன்றங்கள் தண்டனை விதிக்கின்றன, நிறைவேற்றம் இல்லை. பிரிட்டனும் இதே பாதையில் மெல்ல நடந்தது. 1948இல் மக்களவை ஐந்தாண்டு நிறுத்தத்துக்கு வாக்களித்தது, பிரபுக்கள் அவை தள்ளியது. கோவர்ஸ் ஆணையம் 1949 முதல் 1953 வரை ஆராய்ந்தது. 1957இல் சட்டம் குறுக்கப்பட்டது, 1965இல் ஐந்தாண்டுச் சோதனையாக ஒழிக்கப்பட்டது, 1969இல் அது நிலைப்பட்டது. ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் யாருக்கோ காரணம் சொன்னார். திருவிதாங்கூரில் போகும்போதும் சொல்லவில்லை, வரும்போதும் சொல்லவில்லை. இந்தியாவிலோ, 1962இல் மக்களவை விவாதத்தை ஒட்டிக் கேட்கப்பட்ட கேள்விக்கு 1967இல் 35ஆம் அறிக்கையில் விடை தந்த சட்ட ஆணையம், ஒழிப்பு என்ற பரிசோதனைக்கு இந்தியா துணியமுடியாது என்றது. இந்திய மண்ணின் ஒரு மூலையில் அந்தப் பரிசோதனை ஏற்கெனவே ஏழு ஆண்டு நடந்து முடிந்திருந்தது.

இன்னொரு மறுப்பு மீதமிருக்கிறது, அதுவே கடினமானது. தடுக்கிறதா இல்லையா என்ற கணக்கெல்லாம் இருக்கட்டும். கொல்லப்பட்டவருக்கு என்ன நியாயம்? இதற்குப் பதிலாக எண்களைக் காட்டுவது இரக்கமற்ற செயல். கழக்கூட்டத்துக்கே திரும்புவோம். டெக்னோபார்க்கில் வேலை பார்த்த இருவர் சேர்ந்து தீட்டிய திட்டத்தில், 2014 ஏப்ரலில் ஆற்றிங்கல் அருகே ஒரு சிறுமியும் அவள் பாட்டியும் வீட்டுக்குள் வெட்டிக் கொல்லப்பட்ட வழக்கு கேரளத்தை உலுக்கியது. 2016இல் திருவனந்தபுரம் செஷன்ஸ் நீதிமன்றம் வெட்டியவருக்குத் தூக்கு விதித்தது. உறுதிப்படுத்துவதற்காக வழக்கு கேரள உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, 2023இல் அந்த நீதிமன்றம் புதிதாக ஒன்றைச் செய்தது. தண்டனை பெற்றவரின் பிறப்பு, வளர்ப்பு, மனநிலை, சிறை நடத்தை, திருந்தும் வாய்ப்பு ஆகியவற்றைத் தனியாக ஆராய்ந்து அறிக்கை தரும்படி, பயிற்சி பெற்ற ஆய்வாளர்களை நியமித்தது. பெரும்பாவூர் மாணவி கொலை வழக்கிலும் இதையே ஆணையிட்டது. 2024 மே மாதத்தில் இரண்டு தீர்ப்புகளும் வந்தன. ஆற்றிங்கல் வழக்கில் தூக்கு, தண்டனைக் குறைப்பு ஏதுமில்லாத 25 ஆண்டுச் சிறையாக மாறியது. பெரும்பாவூர் வழக்கில் தூக்கு உறுதியானது. ஒரே நடைமுறை, இரண்டு வேறு முடிவுகள். நடைமுறை கண்துடைப்பாக இல்லை என்பதற்கு அதுவே சான்று. இழந்தவர்களின் துயரத்துக்கு 25 ஆண்டும் ஈடாகாது, தூக்கும் ஈடாகாது. ஆனால் ஒரு குழந்தையைக் கொன்றவன் விஷயத்திலும்கூட அரசு நின்று, கேட்டு, எழுதிக் கையெழுத்திட்ட பிறகே முடிவு செய்தது என்பது, இழந்தவர்களுக்கு இழைத்த அநீதி என்று எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் இழந்தது யாராலும் கேட்கப்படாமல் பறிக்கப்பட்ட உயிர்.

1980இல் பச்சன் சிங் வழக்கு ‘அரிதிலும் அரிது’ என்று வகுத்த அளவுகோலும், 2015இல் நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான சட்ட ஆணையம் பயங்கரவாதக் குற்றங்கள் நீங்கலாகத் தூக்கை ஒழிக்கப் பரிந்துரைத்த 262ஆம் அறிக்கையும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 354(3)இன் விதியைத் தன் 393ஆம் பிரிவில் தக்கவைத்துக்கொண்டதும் தனியே விரிவாகப் பார்க்கவேண்டியவை. 2025 ஜனவரியில் நெய்யாற்றின்கரை நீதிமன்றம் ஓர் இளம்பெண்ணுக்குத் தூக்கு விதித்தபோது, சிறப்புக் காரணம் என்ற அந்தப் பழைய நிபந்தனை எவ்வளவு தாங்குகிறது என்ற கேள்வி திருவனந்தபுரம் மாவட்டத்துக்கே மறுபடி வந்திருக்கிறது. அடுத்த பகுதியில், 367(5)ஐ நீக்கிய 1955ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்து அதைத் தொடர்வோம்.